மூன்றே எழுத்து, பத்தொன்பது பாயின்ட்

ஜூன் 3, திங்கள்

சென்னை வந்தாயிற்று. பிள்ளைத்தாய்ச்சி மகள் கோமுவுக்கு ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிவிட்டதாம். "அத்தை, கொஞ்ச நாள் வந்து கூட இருக்க முடியுமா?" என்று மாப்பிள்ளை போன் செய்த அன்றே கடையை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு ரயில் ஏறினேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். தென்காசியில் இருபத்தாறு வருடமாக மெடிக்கல் நடத்துகிறவளே விருந்தாளியாகப் போனால் எத்தனை நாள் என்று எந்தப் பெரியவரும் சொல்லிவைக்கவில்லை.

இது ஒரு மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாயுத் தொல்லைக்கு விளம்பரம். சம்பந்தி வீட்டில் வாயைத் திறந்து புலம்ப முடியாது. அதனால் இதில் புலம்பப் போகிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

மறுநாளே ஆரம்பமாகிவிட்டது.

சம்பந்தியம்மா சௌந்தரவல்லி முப்பத்திரண்டு வருடம் இங்கிலீஷ் டீச்சர். ரிட்டயர் ஆகி ஆறு வருடமாகியும் பரீட்சை ஹாலில் பிட் பிடிக்க வருகிற நடை மாறவில்லை. காலையில் இட்லி வைத்துக்கொண்டே, "பிரசவம் இங்கேயே இருக்கட்டும் சம்பந்தி. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான்" என்றார்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் மதினி. அதுதான நம்ம வழக்கம்" என்றேன்.

"வழக்கம் சரி. வசதி?"

"தென்காசியில நாங்க என்ன வயக்காட்டுலயா பிள்ளை பெத்துக்கிடுதோம்?"

கோமு இட்லியோடு எழுந்து படுக்கையறைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை நெல்லையப்பன் பாவம், சட்னி நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். சட்னி ஒன்றுதான்.

ஜூன் 6, வியாழன்

இந்த வீட்டில் மாலை நான்கு மணிக்குக் காப்பி குடித்ததும் பலகை விரிகிறது. தாயமும் இல்லை, கேரமும் இல்லை. ஆளுக்கு ஏழு இங்கிலீஷ் எழுத்துக் கட்டை. அவற்றைக் கோத்துப் பலகையில் வார்த்தையாக வைக்க வேண்டும். எளிதில் சேராத எழுத்துக்கு மதிப்பு அதிகம். க்யூவுக்கும் இஸட்டுக்கும் பத்து பாயின்ட்.

"நீங்களும் வாங்க சம்பந்தி, சும்மா உட்காருங்க" என்றார். அந்த 'சும்மா' எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ் மீடியம்தான் படித்தேன், வாஸ்தவம். ஆனால் எக்ஸும் இஸட்டும் எனக்கா புதிது? என் கடையில் பாதிச் சரக்கு அதில்தான் இருக்கிறது. முதல் ஆட்டத்திலேயே ஒரு காய்ச்சல் மருந்தை வைத்தேன். இஸட்டும் எக்ஸும் சேர்ந்தே வந்தது. மாப்பிள்ளை போனில் அகராதியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அது கம்பெனி வச்ச பேரு அத்தை. செல்லாது."

அல்சர் மாத்திரை செல்லவில்லை. சொறி களிம்பு செல்லவில்லை. இந்தியா முழுக்கச் செல்லுகிற சரக்கு இந்தப் பலகையில் செல்லவில்லை. நான் 61, சம்பந்தியம்மா 312.

கடைசியில் இஸட், ஏ, எக்ஸ் என்று மூன்று கட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "ஸாக்ஸ். மூணே எழுத்து, பத்தொன்பது பாயின்ட்."

"அப்படின்னா என்ன மதினி?"

"கூரைக்குப் போடற பலகைக்கல் இருக்கில்ல, அதை வெட்டற சின்னக் கோடரி. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு பிள்ளை கூட இதைச் சொன்னதில்லை."

சொல்லியிருந்தால்தான் அதிசயம். எவன் கூரைக்குக் கோடரி தேடுகிறான்!

ஜூன் 7, வெள்ளி

கோமு கீரை சாப்பிட மாட்டேன் என்கிறாள். சாப்பிட வைத்தேன். வீட்டுக்காரர் மூன்று முறை போன். "வடிவு, அந்த இருமல் மருந்து எங்க வச்சிருக்க?" சி அடுக்கு, மூணாவது தட்டு. "இங்க இல்லையே." கண்ணாடியைப் போடுங்க. "ஆங், இருக்கு."

ஆட்டத்தில் நான் 74. சம்பந்தியம்மா 298. தூக்கம் வரவில்லை, வெக்கை அதிகம்.

ஜூன் 9, ஞாயிறு

சம்பந்தியம்மா ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். முழுக்க அவர் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. ஒரு பக்கத்தில் யூ இல்லாமல் வருகிற க்யூ வார்த்தைகள். ஒரு பக்கத்தில் உயிரெழுத்தே இல்லாதவை. இன்னொரு பக்கத்தில் எக்ஸ், இஸட், ஜே. சிலவற்றுக்குச் சிவப்பில் அடிக்கோடு.

"இதை மனப்பாடம் பண்ணினா போதும் சம்பந்தி. பொருள் தெரிய வேண்டாம், அகராதில இருந்தா செல்லும்."

அதெப்படி? என்ன செய்யும் என்று தெரியாமல் ஒரு மாத்திரையை நான் யாருக்காவது கொடுத்திருக்கிறேனா? வார்த்தையும் அப்படித்தான். பொருள் தெரியாமல் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் சலித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல முகம் மலர்ந்துவிட்டது. பாலைவனத்தில் பூமிக்கடியில் தண்ணீர் கொண்டுபோகிற கால்வாய்க்கு ஒரு க்யூ வார்த்தை. வாயில் போட்டு மெல்லுகிற ஏதோ இலைக்கு ஒரு க்யூ வார்த்தை. திபெத்துப் பக்கம் யாக்கெருமைக்கும் பசுவுக்கும் பிறக்கிற கன்றுக்கு இரண்டே எழுத்து. தூக்க மாத்திரைக்குச் செல்லப் பெயர் ஒன்று க்யூவில் முடிகிறது. அதைக் கேட்டதும், "இது நம்ம சரக்கு மதினி!" என்று கையைத் தட்டிவிட்டேன்.

சம்பந்தியம்மா சிரித்தார். சிரித்தால் ஆள் வேறு மாதிரி இருக்கிறார். அதற்காகப் பிரசவ விஷயத்தில் நான் இறங்கிவரப் போவதில்லை.

ஜூன் 12, புதன்

மனப்பாடத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். கண்ணை மூடி என் கடைக்குள் நிற்கிறேன். க்யூ அடுக்கில் எப்போதும் இடம் காலி. அதில் கால்வாயை வைத்தேன், பக்கத்தில் இலை. இஸட் அடுக்கு கடைசி மூலையில், ஏணி போட்டு ஏற வேண்டும். அங்கே கோடரி. வேண்டியபோது போய் எடுத்துக்கொள்ளலாம்.

இன்று நான் 188. மாப்பிள்ளை விசில் அடித்தார். சம்பந்தியம்மா முறைத்ததும் நிறுத்திவிட்டார்.

ஜூன் 15, சனி

சம்பந்தியம்மா காப்பிக்கு இரண்டு தரம் சர்க்கரை போட்டார். என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாரோ என்று சந்தேகம். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர்தான். அந்தத் திட்டம் பலிக்காது.

ஜூன் 16, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்! 266க்கு 259!

தென்காசிக்குப் போன் போட்டுச் சொன்னால் வீட்டுக்காரர், "பரிசு ஏதும் உண்டா?" என்கிறார். ரசனை கெட்ட மனிதர்.

ஆட்டம் முடிந்ததும் சம்பந்தியம்மா கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டே, "சரி சம்பந்தி, நேராவே பேசிடலாம். ஜூலை ஏழு, வளைகாப்புக்கு மூணு நாள் முன்னாடி, ஒரே ஆட்டம். நீங்க ஜெயிச்சா கோமு தென்காசிக்கு. நான் ஜெயிச்சா பிரசவம் இங்கே" என்றார்.

"என் மகளைப் பந்தயம் வைக்க நாம யாரு மதினி?" என்று கேட்டுவிட்டேன்.

உள்ளேயிருந்து கோமு குரல் கொடுத்தாள். "யம்மா, நீயும் அத்தையும் மாத்தி மாத்தி என் கட்டில்ல வந்து ஒக்காந்து மூக்கைச் சிந்துறதுக்கு இதே தேவல. நான் யாரு பக்கம்னு சொன்னாலும் ஒருத்தர் சாப்பிட மாட்டீங்க. நீங்களே ஆடி முடிச்சுக்கோங்க. யாரு ஜெயிச்சாலும் பிள்ளை பெறப்போறது நான்தான்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நான் மூக்கைச் சிந்தியது ஒரே ஒரு நாள்தான். அதுவும் ஜலதோஷம்.

ஜூன் 19, புதன்

வீட்டு விதிகளை மாப்பிள்ளை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். எதிராளி வைத்த வார்த்தையைச் சந்தேகப்பட்டால் "ஆட்சேபம்" என்று சொல்ல வேண்டும். உடனே அகராதி திறக்கும். அதற்கு முன்பே கட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டால் அந்த முறை போச்சு, அவ்வளவுதான்.

"இன்னொரு விதி சேர்த்துக்கோ நெல்லை" என்றார் சம்பந்தியம்மா. "யாரும் விட்டுக்கொடுத்து ஆடக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் பேப்பர் திருத்தினவ நான். வேணும்னே தப்பு பண்ணினா கண்டுபிடிச்சிருவேன்."

நானா விட்டுக்கொடுக்கிறேன்? நன்றாக இருக்கிறது கதை.

ஜூன் 23, ஞாயிறு

சமையலறை அலமாரியில் பெருங்காயம் தேடினேன். டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பெயரைப் பார்த்தேன். இருந்தபடியே வைத்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தென்காசியில் யாருக்கு என்ன மாத்திரை என்று என் கைக்குத் தெரியும், என் வாய்க்குத் தெரியாது. புருஷன் வாங்குவது பெண்டாட்டிக்குத் தெரியாது, பெண்டாட்டி வாங்குவது மாமியாருக்குத் தெரியாது. அதனால்தான் கடை இருபத்தாறு வருடமாக நடக்கிறது. இந்த டைரியிலும் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

டி அடுக்கு, இரண்டாவது தட்டு. அந்த மாத்திரை எங்கள் கடையில் நான்கு பேருக்குப் போகிறது. நான்கு பேருக்கும் பிள்ளைகள்தான் வந்து வாங்குவார்கள். அவர்களே வந்தால் எதற்கு வந்தோம் என்று மறந்துவிடும்.

பெருங்காயம் கீழ்த் தட்டில் இருந்தது.

ஜூன் 24, திங்கள்

இன்று ஆட்டம் வேண்டாம், தலைவலி என்றேன். "பயமா சம்பந்தி?" என்றார். ஆடினேன். தோற்றேன்.

ஜூன் 27, வியாழன்

மதினி காலையில் பேப்பர் படித்தார். பதினொரு மணிக்கு அதே பேப்பரை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். கோமுவை 'கீதா' என்று கூப்பிட்டார். கீதா அவர் தங்கை. கோமு "என்ன அத்தை" என்று போய் நின்றாள். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறேன்.

மத்தியானம் நாங்கள் தூங்குவதாக நினைத்து மதினி தனியாகப் பலகையை விரித்திருந்தார். நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக வைத்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, எடுத்து, திரும்ப வைத்து. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. நான் தண்ணீர் குடிக்கப் போனவள், குடிக்காமலே திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

எனக்கு ஒரே எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

கோமுவுக்கு ஹீமோகுளோபின் பத்தரை. முருங்கைக்கீரைக்குக் கோயில் கட்டலாம். இனி தாராளமாகப் பயணம் செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வளையல் ஆறு டஜன் வாங்கினோம். மதினி பச்சை என்றார், நான் சிவப்பு என்றேன். கடைசியில் இரண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான்கு மணிக்கு உட்கார்ந்தோம். கோமு தலையணையோடு சோபாவில், மாப்பிள்ளை போனோடு நாற்காலியில். நான் உண்மையாகத்தான் ஆடினேன். என் மகளை என் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும், அவளுக்கு நான் பத்தியச் சோறு பொங்கிப்போட வேண்டும். அதற்கு மேல் எனக்கு இந்த உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. க்யூவை வைத்துக் கால்வாய் வெட்டினேன். மதினியும் லேசுப்பட்டவர் இல்லை, திபெத்துக் கன்றை ஓட்டிவந்து என் வழியில் கட்டினார்.

பை காலியானபோது மதினி 284, நான் 271. என் முறை. என் கையில் இரண்டே கட்டை, இஸட்டும் எக்ஸும். பலகையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக வந்த ஒரு வார்த்தையின் கடைசியில் ஏ நின்றது. இரண்டு பக்கமும் காலி. இஸட் அடுக்கு, கடைசி மூலை, ஏணி. கோடரியை எடுத்து வந்தேன். இந்தப் பக்கம் இஸட், அந்தப் பக்கம் எக்ஸ். பத்தொன்பது பாயின்ட். 290. ஆட்டம் முடிந்தது. தென்காசி!

மதினி பலகையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதென்ன வார்த்தை? இப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. ஆட்சேபம்!"

நான் முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வார்த்தை அது. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு பிள்ளை கூடச் சொன்னதில்லை என்று சொன்னாரே, அதே வார்த்தை.

மாப்பிள்ளை போனை எடுத்தார். அவரும் அன்று பக்கத்தில்தான் இருந்தார். "அம்மா, இது நீ..." என்று ஆரம்பித்தார்.

என் கை தானாகப் போய் இரண்டு கட்டையையும் எடுத்துவிட்டது.

"தப்பா வச்சுட்டேன் மாப்பிள்ளை. என் வாயில மண்ணு, மருந்துப் பேரு ஞாபகத்துல வந்துட்டு. மதினி சொல்லுததுதான் சரி."

மதினி மிச்சமிருந்த கட்டைகளை வைத்து ஆட்டத்தை முடித்தார். கையில் தங்கிய கட்டைகளுக்குப் பதினெட்டு கழிந்து நான் 253.

கோமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பித் தம்ளர் கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவியிருந்தது. திரும்பக் கழுவினேன். அழுதேன். இதில் ஜலதோஷம் ஒன்றும் இல்லை.

ஜூலை 8, திங்கள்

காலையில் எழுந்து வந்தால் சாப்பாட்டு மேசையில் மதினி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் அந்த நோட்டு. பக்கத்தில் நேற்றைய மார்க் தாள். கையில் சிவப்புப் பேனா.

"வடிவு, இங்க வா." முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நோட்டில் ஒரு வரியைக் காட்டினார். இஸட், ஏ, எக்ஸ். சிவப்பில் இரட்டை அடிக்கோடு.

"இது யார் கையெழுத்து?"

"உங்கதுதான் மதினி."

"நேத்து ஏன் எடுத்தே?"

"தப்பா..."

"விட்டுக்கொடுத்து ஆடக் கூடாதுன்னு கண்ணாடில ஒட்டியிருக்கு." நோட்டை மூடினார். "உனக்கு எப்பவோ தெரியும், இல்ல?"

"எது மதினி?"

"மாத்திரை."

"எந்த மாத்திரை?"

மதினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "கெட்டிக்காரி. கொன்னாலும் சொல்ல மாட்டே."

பிறகு அவரே சொன்னார். ஆரம்பம்தான் என்றாராம் டாக்டர். மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னாராம். நெல்லையிடம் சொல்லவில்லை, குழந்தை பிறக்கட்டும் என்று. "தென்காசி போனா மூணு மாசம், அஞ்சு மாசம் ஆகும் திரும்பி வர. அதுக்குள்ள எனக்கு எவ்வளவு மிச்சமிருக்கும்னு தெரியல வடிவு. குழந்தை மொகத்தை மொத நாள்லேர்ந்தே பாத்து வச்சுக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு பிடிவாதம்."

 நோட்டு முழுக்க வார்த்தை இருந்தும் ஒன்றுகூட உதவவில்லை.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க் தாளை இழுத்தார். என் 253ஐ அடித்தார். 290 என்று போட்டு, வட்டமிட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். "சரியான விடைக்கு நான் தப்பு போட்டிருந்தா, பேப்பரைத் திரும்ப வாங்கி மார்க்கை மாத்திருவேன். என் சர்வீஸ்ல நாலே தடவை நடந்திருக்கு. இது அஞ்சு. கோமுவைக் கூட்டிட்டுப் போ."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சரி மதினி. உங்க பெட்டி எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"எதுக்கா? துணிமணி எடுத்து வைக்கத்தான். நீங்களும் வாரீய."

"சம்பந்தி வீட்ல போய் மாசக்கணக்கா உட்காருறதா? ஊரு என்ன சொல்லும்?"

"நான் இங்க அஞ்சு வாரமா ஒக்காந்து தின்னுட்டு இருக்கேன். உங்க ஊரு என்ன சொல்லிச்சு? எங்க ஊரும் அதையே சொல்லட்டும். ஒண்ணு மட்டும், மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க. என் வாய்ல வராது."

இங்கே ஒன்றைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். தென்காசியில் என்னோடு இந்த ஆட்டம் ஆட ஆள் கிடையாது. அதற்காகத்தான் அழைத்தேன்.

ஜூலை 10, புதன்

வளைகாப்பு. கோமுவின் கைகளில் இடமே இல்லை. மதினி சந்தனம் பூசும்போது 'கோமு' என்று சரியாகச் சொன்னார்.

ஜூலை 12, வெள்ளி

ஸ்டேஷனில் மாப்பிள்ளை மதினியின் கையை விடவேயில்லை. மதினி சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. பிறகு என் பக்கம் வந்து, "அத்தை..." என்றார். "வாரா வாரம் வந்துருங்க மாப்பிள்ளை, விதியைப் பார்த்துக்க நடுவர் வேணும்" என்றேன்.

ஜூலை 25, வியாழன்

மதினியைக் கடைக்கு அழைத்துப்போனேன். ஏ முதல் இஸட் வரை அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். "வடிவு, நீ பேரை ஞாபகம் வச்சுக்கல, இடத்தை ஞாபகம் வச்சிருக்கே!" என்றார். இப்போது வீட்டிலும் அப்படியே செய்துவிட்டோம். மூக்குக்கண்ணாடி சி அடுக்கு. மாத்திரை டி அடுக்கு, காலை எட்டு மணி. என் வீட்டுக்காரருக்கும் இது சௌகரியமாகிவிட்டது என்பது வேறு கதை.

செப்டம்பர் 14, சனி

பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. தாயும் சேயும் நலம். மதினி முதலில் வாங்கினார். நான் இரண்டாவது. நானாகத்தான் விட்டேன், இதற்கு எந்தக் கண்ணாடியிலும் விதி ஒட்டவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மாலை நான்கு மணி. குழந்தை தூங்குகிறது, கோமு தூங்குகிறாள், இவர் கடையில். காப்பி குடித்துவிட்டுப் பலகையை விரித்தோம். மதினி வெகுநேரம் யோசித்து மூன்று கட்டைகளை வைத்தார். இஸட், ஏ, எக்ஸ். புருவத்தைத் தூக்கினார்.

"ஸாக்ஸ். மூணே எழுத்து, பத்தொன்பது பாயின்ட். இது என்னன்னு தெரியுமா வடிவு?"

"தெரியாதே மதினி. சொல்லுங்க."

சொன்னார். கூரை, பலகைக்கல், சின்னக் கோடரி. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு பிள்ளை கூடச் சொன்னதில்லை.

இந்த வாரத்தில் இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் மாதிரியே முகம் மலர்கிறது. நானும், "அடேயப்பா!" என்றேன்.

அப்புறம் என் க்யூவை வைத்து அவரைத் தோற்கடித்தேன். விதி விதிதான்.